கொட்டாப்புளி கற்பித்த பாடம்

வீட்டிலே இருக்கும்வரை எவராலும் எண்ணப்படாத பொருள்கள் சில உண்டு. அவை இல்லாமற் போன அன்றுதான் அவற்றின் அருமை தெரியவரும். எங்கள் வீட்டுக் கொட்டாப்புளி அத்தகையதொன்று. ஆட்டுக்குக் கட்டை அறைவதற்கும், மாரிகாலத்தில் ஊறிப் பருத்துவிட்ட கதவைத் தட்டித் திறப்பதற்கும், காய்ந்த தேங்காய் மட்டையை நைப்பதற்கும் அதுவே துணை. சென்ற மாதம் ஒருநாட் காலை, கட்டை அறைந்துகொண்டிருக்கும்போது, அது தலை முதற் பிடி வரை இரண்டாகப் பிளந்துவிட்டது.

"கடையிலை றப்பர்ச் சுத்தியல் விக்கிறாங்கள். ஒண்டு வாங்கிக்கொண்டு வாங்கோவன்" என்றார் என் மனைவியார்.

திண்ணையில் இருந்த என் தாயார் இதைக் கேட்டார். பிளந்த துண்டுகள் இரண்டையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "இது அப்புவின்ரை கைபட்ட சாமான், தம்பி. கடைச் சாமான் வேண்டாம். இது மாதிரி ஒண்டு செய்விச்சுக்கொண்டு வா" என்றார். தாயார் எதையும் இரண்டாம் முறை சொல்லும் வழக்கம் உடையவரல்லர்.

நேயர்களுள் இளையோர் சிலர் கொட்டாப்புளி என்னும் சொல்லைக் கேட்டிராமலும் இருக்கலாம். அது மரத்தாலான சுத்தியல். இரும்புச் சுத்தியல் ஆணிக்கு உரியது. கொட்டாப்புளி உளிக்கு உரியது. உளியின் மரப்பிடியை இரும்பினால் அடித்தால் பிடியின் தலை நைந்து, பூவாய் விரிந்து, சில நாட்களிற் சிதறிவிடும். மரத்தினால் அடித்தால் அடி அகன்ற பரப்பிலே பரவி விழும். மேலும் மரம் ஒரு மயிரிழையளவு விட்டுக்கொடுக்கும். அந்த விட்டுக்கொடுப்பினால் அடி வெடுக்கென்று விழாமற் சற்றே நீண்டு விழுகிறது. உளியும் நெடுங்காலம் வாழ்கிறது. பிடித்த கையும் அதிர்வதில்லை. தேய்மானத்தைத் தான் ஏற்றுக்கொண்டு தன் துணைவனைக் காப்பாற்றும் கருவி அது.

எம்முடையதைச் செய்தவர் என் தாய்வழிப் பாட்டனார். அவர் இவ்வூர் ஓடாவி. ஓடாவி என்றால் கப்பலும் வள்ளமும் கட்டும் தச்சர். வல்வெட்டித்துறைக் கடற்கரை பாய்க்கப்பல்கள் உருவாகிய இடம் என்பது பலரும் அறிந்ததே. நாகபட்டினத்துக்கும் இரங்கூனுக்கும் சென்று மீண்ட கப்பல்களின் மாலுமிகள் இவ்வூரின் ஒழுங்கைகளில் வாழ்ந்தார்கள். 1930ஆம் ஆண்டு இங்கே கட்டப்பட்ட 'அன்னபூரணி அம்மாள்' என்னும் 89 அடிப் பாய்க்கப்பலை வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' என மாற்றினார். தண்டையல் தம்பிப்பிள்ளையும் இவ்வூர் மாலுமிகளும் அதனைச் செலுத்திச் சென்று, 1938ஆம் ஆண்டு ஆகத்து மாதம் முதலாந் திகதி அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர்த் துறைமுகத்தைச் சேர்ந்தார்கள்.

அக்கப்பல் கட்டப்பட்டபோது பாட்டனார் சிறுவர். கரையிலே கொட்டாப்புளிகளின் ஓசை காலை முதல் மாலை வரை கேட்டபடி இருக்கும் என்று பிற்காலத்திற் சொல்லுவார். பலகைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள சந்திலே பஞ்சுத் திரியை வைத்து, மழுங்கிய உளியினாற் செறித்து நீர் புகாமல் அடைப்பதைக் கலப்பற்று என்பர். அந்த வேலையிலே ஓசைதான் அளவுகோல். திரி தளர்ந்திருந்தால் ஒரு சத்தம். இறுகியிருந்தால் வேறொரு சத்தம். மேனாட்டுக் கப்பற் பட்டறைகளிலும் கலப்பற்றுக்காரர் தம் மரச்சுத்தியலின் நீண்ட தலையிலே பிளவுகள் வெட்டி, இரு முனையிலும் இரும்பு வளையம் பூட்டி, அது கணீரென்று ஒலிக்கும்படி செய்துகொண்டார்கள். கண்ணுக்குத் தெரியாத பிழையைக் காது கண்டுபிடித்தது.

இயந்திரக் கப்பல்கள் பெருகின. கடற்பயணத்துக்குரிய கட்டுப்பாடுகள் இறுகின. பின்னர் போர் வந்தது. பாய்க்கப்பல் கட்டும் தொழில் இக்கரையை விட்டு நீங்கிற்று. இடப்பெயர்வுகள் பலவற்றில் எத்தனையோ பெறுமதியான பொருள்களை இழந்தோம். ஏனோ இந்த மரத்துண்டு மட்டும் எம்முடனேயே வந்துகொண்டிருந்தது. இப்போது அதுவும் பிளந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்குப் போய்விட்டு, வேட்டி சால்வையுடன், துண்டுகளை ஒரு பையில் இட்டுக்கொண்டு உடுப்பிட்டி வீதியிலுள்ள ஒரு கடைசற் பட்டறைக்குச் சென்றேன். கட்டிற் கால், தொட்டிற் கம்பு, சிறுவருக்குப் பம்பரம் ஆகியவற்றைக் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறை அது. மரத்தூளிலே மூழ்கியிருந்த ஒருவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்.

"வாங்கோ சேர்" என்றார்.

முகத்தைப் பார்த்தவுடன் என் நெஞ்சிலே எதுவோ சுருக்கென்றது. இருபது ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் இருந்த பையன்.

நேயர்களிடம் ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். நான் கணிதம் கற்பிப்பவன். ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிதிலே எனக்குப் பொறுமை குறைவு. அறிவு மிகுதி என்ற எண்ணமோ அதிகம். இந்தப் பையன் பின்வரிசையில் இருப்பான். கேத்திரகணித நிறுவல் ஒன்றைக் கேட்டால் எழுந்து நின்று விழிப்பான். ஒருநாள் நாற்பது பிள்ளைகள் கேட்கும்படி, "உனக்கு இது வராது. கொப்பரோடை பட்டறையிலை போய் மரம் கடை" என்றேன். வகுப்புச் சிரித்தது. பையன் சிரிக்கவில்லை. அடுத்த ஆண்டு அவன் கல்லூரிக்கு வரவில்லை. அந்த வாக்கியத்தை நான் மறந்துவிட்டதாக எண்ணியிருந்தேன். அதை மறக்கவில்லை என்பது பட்டறை வாசலிலேதான் தெரிந்தது.

அவர் துண்டுகளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாய்ச்சியாலை செதுக்கினது சேர். கடைஞ்சதில்லை. எப்படி உருட்டி எடுத்திருக்கிறார் பாருங்கோ! நல்ல புளி. ஆனால் மரத்தின்ரை நெஞ்சு உள்ளுக்குள்ளை இருக்குது. அதுதான் கடைசியிலை வெடிச்சது."

இவ்விடத்திலே ஒரு விளக்கம் வேண்டும். பச்சை மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவிற் சுருங்குவதில்லை. நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்கும் அளவைக் காட்டிலும், வளையங்களின் போக்கிலே சுருங்கும் அளவு ஏறக்குறைய இருமடங்கு. ஆதலால், நெஞ்சுப்பகுதி நடுவில் அகப்பட்டுக்கொண்ட உருளை மரத்திலே, சுற்று குறுகப் பார்க்கிறது, நடு இடங்கொடுக்க மறுக்கிறது, முடிவு வெடிப்பு. இதனைத் தவிர்க்க, பெரிய குற்றியைப் பிளந்து நெஞ்சை ஒதுக்கிய பகுதியிலிருந்தே துண்டு எடுக்கவேண்டும். மரத்தின் நீர் நுனிகளின் வழியே விரைந்து வெளியேறும். நுனிகள் முந்திக் காய்ந்து வெடிக்கும். ஆகவே வெட்டியவுடனே இரு நுனிகளிலும் மெழுகோ வர்ணமோ பூசி, வெயில் படாமல் அடுக்கி வைப்பார்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு காயவிடுக என்பது மேனாட்டுத் தச்சரின் பழங்கணக்கு.

அவர் பட்டறையின் பின்புறத்திலிருந்து அவ்வாறு காய்ந்த புளிக்குற்றி ஒன்றைக் கொண்டுவந்தார். வேம்பும் இலுப்பையும் வள்ளம் கட்ட உதவும். ஆனால் அடி தாங்குவதற்குப் புளியே சிறந்தது என்றார். அதன் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் எளிதிற் பிளவாது. உலக்கைக்கும் செக்குக்கும் கொட்டாப்புளிக்கும் நம் முன்னோர் புளியை நாடியதன் காரணம் அதுவே.

"சேர், நீங்களே கடையுங்கோவன்" என்றார் திடீரென்று.

"நானா?"

"அம்மாவுக்குக் கொண்டுபோய்க் குடுக்கிற சாமான் அல்லோ? நான் பக்கத்திலை நிக்கிறன். முதலிலை அந்தச் சால்வையைக் கழட்டி வையுங்கோ. சுத்துற சாமானுக்குப் பக்கத்திலை தொங்குற துணி ஆகாது."

வேட்டியை மடித்து இறுகக் கட்டிக்கொண்டு, கண்ணுக்கு ஒரு காப்புக் கண்ணாடியும் அணிந்துகொண்டேன்.

அவர் குற்றியை 12 அங்குல நீளமும் நான்கு பக்கமும் நான்கு அங்குலத்துக்குச் சிறிது கூடவுமாகச் சதுரித்துத் தந்தார். "இதின்ரை நடுவைக் கண்டுபிடிக்கவேணும்" என்று பென்சிலை நீட்டினார். நான் அடிமட்டத்தைத் தேடினேன். அவர் பொறுத்திருந்து பார்த்துவிட்டு, மூலைக்கு மூலை இரண்டு கோடுகள் இழுத்தார். அவை வெட்டிய புள்ளியே நடு. சதுரத்தின் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று இருசமகூறிடும். இருபது ஆண்டுகளாக இதை நான் கரும்பலகையில் நிறுவி வருகிறேன். ஒருநாளேனும் ஒரு மரத்துண்டிலே கீறிப் பார்த்தவனல்லன். ஏட்டுச் சுரைக்காய் என்று சொல்லுவது என்னைப் போன்றவர்களைத்தான்.

நான்கு மூலைகளையும் சீவி எண்கோணமாக்கி, குற்றியை இயந்திரத்தின் இரு கூர்முனைகளுக்கிடையிற் பொருத்தினோம். ஒரு முனை மோட்டாரினாற் சுழல்வது. மற்றையது மரத்தைத் தாங்கி நிற்பது. உளியை ஊன்றுவதற்கு முன்னே ஓர் இரும்புத் தாங்கி உண்டு. மின்னை முடுக்குமுன் மரத்தைக் கையால் ஒருமுறை சுற்றி, எங்கும் முட்டவில்லை என்று பார்க்கவேண்டும். பின்னர் நிமிடத்துக்கு 600 சுற்று என்னும் மெதுவான வேகத்தில் ஓடவிட்டார்.

"கரண்ட் இல்லாத காலத்திலை இதைக் கயித்தாலைதான் சுத்தினது, சேர். அப்பா உளி பிடிப்பார், நான் கயிறு இழுப்பன்" என்றார். 1990ஆம் ஆண்டின் பின், குடாநாடு முழுவதும் ஆண்டுக்கணக்காக மின்சாரமின்றி இருந்தது. அக்காலத்தில் அவர் ஏழெட்டு வயதுச் சிறுவர். மரத்திலே கயிற்றைச் சுற்றி, இரு கைகளாலும் மாறி மாறி இழுத்தால் மரம் முன்னும் பின்னும் சுழலும். தன்னை நோக்கிச் சுழலும்போது மட்டும் உளியைக் கொடுத்து, எதிர்த்துச் சுழலும்போது எடுத்துக்கொள்ளவேண்டும். இதனைக் கேட்டபோது எனக்கு ஒரு சித்திரம் நினைவுக்கு வந்தது. எகிப்து நாட்டிலே, கி. மு. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த பெற்றோசிரிஸ் என்ற குருவின் கல்லறைச் சுவரிலே, கடைசல் வேலை சித்திரிக்கப்பட்டுள்ளது. கடைசற் பொறியைக் காட்டும் சித்திரங்களுள் நாமறிந்த மிகப் பழையது அதுவே. அதிலும் ஒருவர் கயிறு இழுக்கிறார். மற்றவர் உளி பிடிக்கிறார். இருபத்து மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் உடுப்பிட்டி வீதியில் ஒரு தந்தையும் மகனும் இருந்த இருப்பும் அதுவே. இரவெல்லாம் கயிறு இழுத்த கைகள் பகலிலே கொப்பியைப் புரட்ட எவ்வளவு சோர்ந்திருக்கும்! பின்னாளில் என் வகுப்பிலும் அவன் மாலை தோறும் பட்டறையில் நின்றுவிட்டே வந்திருக்கிறான். நான் ஒருநாளும் கேட்டதில்லை.

உளியை எடுத்துக் கொடுத்தார். நான் வாளைப் பிடிப்பதுபோல் இறுகப் பிடித்தேன்.

"இறுக்காதேங்கோ சேர். முதலிலை உளியின்ரை முதுகு மரத்திலை படட்டும். வெட்டவேண்டாம், சும்மா உரசட்டும். பிறகு பிடியை மெள்ள மெள்ள உயத்துங்கோ. வெட்டவேண்டிய இடம் வந்தால் அதுவாய் வெட்டும்."

அவ்வாறே செய்தேன். தட்தட்டென்று அதிர்ந்துகொண்டிருந்த மூலைகள் சிறிது சிறிதாகத் தேய்ந்தன. ஓசை மாறிற்று, சீறலாயிற்று, குற்றி உருளையாயிற்று. புளியின் கருஞ்சிவப்பு வயிரம் வெளிப்பட்டது. எனக்கு மகிழ்ச்சி தலைக்கேறிற்று. பிடியைக் கடையத் தொடங்கினேன். ஒல்லியான பிடியிலிருந்து பருத்த தலையை நோக்கி உளியை ஏற்றினேன். அடுத்த கணம் 'படார்' என்றொரு சத்தம். உளி கையில் உதைத்தது. குற்றி முனைகளினின்று கழன்று சுவரிலே மோதி விழுந்தது.

நடுங்கிப்போய் நின்றேன். அவர் ஏதும் சொல்லாமல் இயந்திரத்தை நிறுத்தினார். குற்றியை எடுத்துத் துடைத்தார். என் கையை ஒருமுறை பார்த்தார், காயமில்லை. ஏளனச் சிரிப்பு அவர் முகத்தில் எழுமோ என்று நான் அஞ்சினேன். எழவில்லை.

"எல்லாருக்கும் முதல் நாள் வாறதுதான் சேர். மேட்டிலையிருந்து பள்ளத்துக்குத்தான் உளி போகவேணும். பள்ளத்திலையிருந்து மேட்டுக்குப் போனால் இழை குத்திட்டு நிக்கும். உளியைப் பிடிச்சு இழுத்துப்போடும்."

மேட்டிலிருந்து இறங்கும்போது, வெட்டப்படும் இழை ஒவ்வொன்றுக்கும் அடியில் வேறொரு இழை தாங்கி நிற்கிறது. வெட்டு மழமழவென்று வரும். ஏறும்போது இழைகளின் நுனி தாங்குவாரின்றி நிற்பதால் உளி அவற்றுள்ளே பாய்ந்துவிடும். மரத்துக்குரிய இந்த விதி மாணவருக்கும் உரியதென்று எனக்குத் தோன்றிற்று. தாங்கி நின்று வெட்டும் சொல் உருவாக்குகிறது. தாங்குவாரின்றி நிற்பவன்மேற் பாய்ந்த சொல் அவனைத் தூக்கி எறிகிறது.

குற்றியை மறுபடி பொருத்தினோம். தலை ஐந்து அங்குல நீளம். அதன் உச்சி நான்கு அங்குலம், கழுத்துப்பக்கம் மூன்றரை. இச்சிறு சரிவு அழகுக்காக அன்று. அடிக்கும் கை வளைந்து இறங்குவதால், சரிந்த பக்கமே உளியின் தலையில் நேராகப் பதியும். உருளையாக இருப்பதனால் எப்பக்கத்தாலும் அடிக்கலாம். பிடியைச் சிறிது திருப்பிக்கொண்டால் தேய்மானமும் எங்கும் சமமாகும். பிடி நடுவிலே சற்றுப் பருத்து, இரு முனையிலும் மெலிந்து, உள்ளங்கையில் நிறையும்படி கடையப்பட்டது. அரத்தாளினால் தலையை மெருகிட்டேன். பிடியை மினுக்கவேண்டாம் என்றார்; வியர்த்த கையிலே வழுக்குமாம். இறுதியில் எண்ணெய் தடவியதும் மரம் உயிர் பெற்றாற்போல ஒளிர்ந்தது. பாரம் ஏறக்குறைய ஒரு கிலோ.

எனக்குச் சொல்லவேண்டியிருந்தது. அத்தனை நேரமும் அந்தச் சொல் தொண்டையிலே நின்றது.

"தம்பி, அண்டைக்கு வகுப்பிலை நான் உம்மைச் சொன்னது..."

அவர் தரையிலே கிடந்த சுருள்களைக் கூட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்:

"மரம் கடையப் போ எண்டு சொன்னதிலை பிழையில்லை சேர். அதை ஏச்சாய்ச் சொன்னதுதான் பிழை."

பின்பு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார்.

இருவரும் தேநீர் அருந்தினோம். மரத்துக்கும் நேரத்துக்கும் உரிய விலையைக் கேட்டேன். மரத்துக்கு மட்டும் வாங்கினார். கடைந்தவர் நீங்கள்தானே என்றார்.

நம் சமூகம் கல்வியைப் போற்றும் சமூகம். அதிற் குற்றமில்லை. ஆயின், கல்வியைப் போற்றுவதற்காகக் கைத்தொழிலைத் தூற்றவேண்டும் என்று எவர் நமக்குச் சொன்னார்? பிள்ளை படிக்காவிட்டால் தச்சுக்கோ கொல்லுக்கோ போகவேண்டிவரும் என்று வீடுதோறும் அச்சமூட்டுகிறோம். அமெரிக்கா வரை சென்ற கப்பலைப் பற்றி மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அந்தக் கப்பலைக் கட்டிய கைகளோ, நாம் பிள்ளைகளுக்குக் காட்டி அச்சமூட்டும் அதே கைகள். ஒரே வாயினால் இரண்டையும் எப்படிச் சொல்வது? இதை வேறெவருக்கும் உபதேசமாக எழுதவில்லை. முதற் குற்றவாளி நானே.

வீட்டுக்கு வந்து கொட்டாப்புளியைத் தாயாரின் கையிற் கொடுத்தேன். ஏந்திப் பார்த்தார், பிடியைத் தடவினார், தூணிலே இலேசாக ஒருமுறை தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். ஓடாவியின் மகளல்லவா!

"அப்புவின்ரை மாதிரி வராது" என்றார். சற்றுப் பொறுத்து, "பழகப் பழகச் சரிவரும்" என்றும் சொன்னார்.

பிளந்த துண்டுகள் இரண்டும் இப்போது என் புத்தக அலுமாரியிலே இருக்கின்றன. புதியதைத் திங்கட்கிழமை காலை வகுப்புக்குக் கொண்டு சென்றேன். சதுரித்த மரத்துண்டு ஒன்றையும் உடன் எடுத்துச் சென்று, பின்வரிசையில் இருந்த ஒருவனை அழைத்து, இதன் நடுவைக் கண்டுபிடி என்றேன். அவன் விழித்தான். நான் பொறுத்திருந்தேன்.